வேட்டை விடுதி காவல் மனையான வரலாறு

ஆறில்லாத குடாநாட்டிலே கிணற்று நீரை நம்பி வாழும் நமக்கு நீரின் அருமையை எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. ஆறுகள் பிறக்கும் மலைமுகட்டிலே நிற்கும் ஓர் எளிய விடுதியின் வரலாறு நம் இளைஞர் அறியத்தக்கது.

நுவரெலியாவுக்குத் தெற்கே, கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 2,100 மீற்றர் உயரத்திலே ஓட்டன் சமவெளி பரந்து கிடக்கின்றது. சிங்கள மக்கள் இதனை மகா எலிய என்பர். 1831 முதல் 1837 வரை தேசாதிபதியாயிருந்த வில்மட் ஓட்டனின் பெயரை ஆங்கிலேயர் இதற்குச் சூட்டினர். மகாவலி, களனி, வளவை என்னும் மூன்று நதிகளும் இச்சமவெளியின் ஊற்றுக்களால் வளம்பெறுவன. அவற்றுள் மகாவலி 335 கிலோமீற்றர் ஓடித் திருகோணமலையின் கொட்டியாரக் குடாவிற் கலக்கின்றது.

கோப்பித் தோட்டங்களுக்காக மலைநாட்டுக் காடுகள் அழிக்கப்பட்ட காலத்திலே, கியூ தாவரப் பூங்காவின் தலைவர் யோசேப் ஹூக்கர், 5,000 அடிக்கு மேற்பட்ட காடுகளில் கைவைத்தலாகாது என 1873 இல் அறிவுரை கூறினார். அவ்வறிவுரையை அரசு ஏற்றமையால் இம்மலைக்காடு கோடரிக்குத் தப்பியது, வேட்டைக்கோ தப்பவில்லை. முன்னரே சாமுவேல் பேக்கர் போன்றோர் நாய்களைக் கொண்டு இங்கு மரைகளைத் துரத்தினர். பின்னர் தோமஸ் ஃபார் என்னும் தோட்டத்துரையின் பெயரால் 'ஃபார் இன்' என்னும் வேட்டை விடுதி எழுந்தது. பிரித்தானிய உயரதிகாரிகள் அதிலே தங்கி வேட்டையாடினர். யானைகள் இச்சமவெளியை விட்டு முற்றாக மறைந்தன.

விலங்குகள் அருகுவதைக் கண்ட வேட்டைக்காரரே 1894 இல் அவற்றைக் காக்க ஒரு சங்கம் அமைத்தனர் என்பது சிந்திக்கத்தக்கது. அழிவைக் கண்ணாற் கண்டவர்க்கே காவலின் தேவை முதலிற் புலப்பட்டது போலும்! 1969 இல் இச்சமவெளி காப்பிடமாயிற்று. 1988 இல் தேசியப் பூங்காவாயிற்று. 2010 இல் மத்திய மலைநாட்டின் பகுதியாக உலக மரபுரிமைப் பட்டியலிலும் இடம்பெற்றது.

இன்று அவ்விடுதி வருவோர்க்கு விளக்கமளிக்கும் நிலையமாக விளங்குகின்றது. துவக்கேந்தியோர் தங்கிய அதே கூரையின்கீழ், மாணவர் செடிகொடிகளையும் விலங்குகளையும் பற்றி அறிகின்றனர். கட்டடம் ஒன்றே, மனிதரின் எண்ணமே மாறியது.

இளைஞர்களே! மலைநாட்டுக்குச் சுற்றுலாச் செல்லுங்கால் உலக முடிவின் பள்ளத்தை வியந்து நோக்குவதோடு அமையாது, இவ்விடுதியின் வாயிலிலும் சற்றே நில்லுங்கள். காலடியிலுள்ள ஈரப்புல் மூன்று நதிகளுக்கு நீரூட்டுவதென்பதை உணருங்கள். பொலித்தீன் உறையொன்றையேனும் அங்கே எறியாது திரும்புவீராயின், கொட்டியாரத்து உழவனுக்கும் நீர் நன்மை செய்தவராவீர்.