பலபடி வேதியியல், பொருளறிவியல் துறைகளில் இணையவழிக் கற்றல் வளங்களின் வரலாறும் நிலைபேறும் (1995–2020)

ஆய்வுச்சுருக்கம்

1990களின் நடுப்பகுதியில் தொடங்கிய இணையவழிக் கற்றல் வளங்கள் பலபடி வேதியியலையும் பொருளறிவியலையும் கற்பிக்கும் முறையில் பெரும் மாற்றத்தைக் கொணர்ந்தன. எனினும் அவற்றுள் ஒரு பகுதி கால் நூற்றாண்டுக்குள்ளேயே இயங்காமற்போனது. பாடப்பொருளின் தரம் மட்டுமே ஒரு வளத்தின் ஆயுளைத் தீர்மானிக்கவில்லை என்பதையும், கோப்பு வடிவம், பயன்பாட்டு உரிமம், பராமரிப்புப் பொறுப்பு ஆகிய மூன்றுமே அதனைத் தீர்மானித்தன என்பதையும் இக்கட்டுரை வரலாற்று நோக்கில் நிறுவ முற்படுகிறது.

திறவுச்சொற்கள்: பலபடி, பொருளறிவியல், திறந்தநிலைக் கல்வி வளம், அசைவூட்டம், உரிமம், கலைச்சொல்.

முன்னுரை

ஆயிரக்கணக்கான சிறு அலகுகள் வேதிப்பிணைப்பால் இணைந்த நீண்ட சங்கிலிகளே பலபடிகள் என்னும் கருத்தை ஜெர்மானிய வேதியியலாளர் எர்மான் ஸ்டாடிங்கர் 1920இல் முன்வைத்தார். சிறு மூலக்கூறுகளின் திரட்சியே இப்பொருள்கள் என்று கருதிய அக்கால அறிஞர் பலர் அதனை ஏற்கத் தயங்கினர். அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது 1953இல்தான். இந்த நீண்ட இடைவெளி இத்துறையின் இயல்பான ஓர் இடர்ப்பாட்டையும் புலப்படுத்துகிறது. கண்ணுக்குப் புலனாகாத நீண்ட சங்கிலியின் ஓயாத அசைவை மனத்தால் கண்டாலன்றி, கையிலுள்ள நெகிழியின் பண்பை விளக்க இயலாது. இத்துறைகளுக்கான இணைய வளங்களின் வரலாறு, அவ்வசைவை மாணவர் கண்முன் நிறுத்த மேற்கொண்ட முயற்சிகளின் வரலாறாகவே அமைகிறது.

அசைவைக் காட்டும் தேவை

10,000 கண்ணிகள் கொண்ட ஒரு சங்கிலியை முழுவதும் நீட்டினால் அதன் நீளம் 10,000 கண்ணி அளவாகும். தன்போக்கில் சுருண்டு கிடக்கும்போது அதன் இரு முனைகளுக்கும் இடையிலான சராசரித் தொலைவு, எளிய கணிப்பின்படி, அவ்வெண்ணின் வர்க்கமூலமாகிய 100 கண்ணி அளவே ஆகும். இரப்பர் பன்மடங்கு நீள்வதற்கும் விட்டவுடன் சுருங்குவதற்கும் இதுவே அடிப்படை. விரைந்து இழுக்கப்பட்ட இரப்பர் வெதுவெதுப்பாவதை ஜான் கஃப் என்னும் பார்வையற்ற அறிஞர் 1805இல் தம் உதட்டில் வைத்து உணர்ந்து பதிவுசெய்தார். எடையைத் தாங்கி நீண்டு நிற்கும் இரப்பரைச் சூடாக்கினால் அது சுருங்கும். உலோகக் கம்பியோ அச்சூழலில் நீளும். கரும்பலகையில் வரையும் அசைவற்ற கோடு இந்த வேறுபாட்டின் காரணத்தை மாணவர் மனத்தில் பதிப்பது அரிது.

பொருளறிவியலிலும் இத்தேவை முன்னரே உணரப்பட்டிருந்தது. லாரன்ஸ் பிராக்கும் ஜான் நையும் 1947இல் வெளியிட்ட ஆய்வில், நீர்ப்பரப்பின்மேல் ஒரே அளவான சோப்புக் குமிழிகளை நெருக்கமாக மிதக்கவிட்டுப் படிக அமைப்பின் மாதிரியை உருவாக்கிக் காட்டினர். அக்குமிழிப் பரப்பை அழுத்தும்போது வரிசைப் பிறழ்வுகள் நகர்வதை வெறுங்கண்ணால் காண முடிந்தது. உலோகம் ஏன் வளைகிறது என்பதற்கான விடை சோப்பு நீரில் கிடைத்தது. பின்வந்த இணைய வளங்கள் இந்தக் காட்சிவழிக் கற்பித்தல் மரபின் தொடர்ச்சியேயாகும்.

முதற்கட்டம்: எளிய பக்கங்கள்

அமெரிக்காவின் தெற்கு மிசிசிப்பி பல்கலைக்கழகப் பலபடி அறிவியல் துறை 1990களின் நடுப்பகுதியில் உருவாக்கிய 'மேக்ரோகேலரியா' இத்துறையின் முன்னோடி வளங்களுள் ஒன்று. ஓர் அங்காடி வளாகத்தின் வடிவில் அது அமைக்கப்பட்டது. முதல் தளத்தில் கடைகளில் காணும் அன்றாடப் பொருள்கள் வழியே பலபடிகள் அறிமுகமாயின. அடுத்தடுத்த தளங்களில் தனித்தனிப் பலபடிகள், அவற்றின் செயற்பாடு, தயாரிப்பு முறைகள், பகுப்பாய்வு முறைகள் எனப் பாடம் படிப்படியாக ஆழம் பெற்றது. பேச்சு நடையும் நகைச்சுவையும் கலந்த அதன் மொழி பாடநூல் மரபிலிருந்து விலகி நின்றது. வேறு சில மொழிகளிலும் அது பெயர்க்கப்பட்டது.

இவ்வளத்தின் பெரும்பகுதி எளிய எச்டிஎம்எல் பக்கங்களாலும் படங்களாலும் ஆனது. தொழில்நுட்ப நோக்கில் இது ஓர் எளிமை. ஆயினும் அவ்வெளிமையே பின்னாளில் வலிமையாயிற்று. 1996இல் எழுதப்பட்ட எளிய எச்டிஎம்எல் பக்கத்தை இன்றைய உலாவியும் படிக்கும்.

இரண்டாம் கட்டம்: நிறுவன முயற்சிகளும் திறந்த உரிமமும்

2000ஆம் ஆண்டையொட்டி இம்முயற்சிகள் நிறுவன வடிவம் பெற்றன. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பொருளறிவியல், உலோகவியல் துறையின் 'டூயிட்பாம்ஸ்' திட்டம் இங்கிலாந்தின் உயர்கல்வி நிதியுதவியுடன் பிற பல்கலைக்கழகங்களையும் இணைத்து விரிவடைந்தது. ஒவ்வொரு கருத்துக்கும் ஒரு கற்றல் தொகுப்பு என்பது அதன் அமைப்பு. பலபடிகளின் கண்ணாடிநிலை மாற்றம், இரப்பரின் விறைப்பு, பலபடிகளின் படிகத்தன்மை, வரிசைப் பிறழ்வுகள் என எழுபதுக்கும் மேற்பட்ட தொகுப்புகள் காலப்போக்கில் உருவாயின. பிராக், நை ஆகியோரின் குமிழி மாதிரி இத்தொகுப்புகளில் மறுவாழ்வு பெற்றது. தொகுப்புகளை உருவாக்கும் பணியில் மாணவர்களும் பங்கேற்றனர்.

மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் தன் பாடப்பொருள்களை இணையத்தில் இலவசமாக வழங்கவுள்ளதாக 2001 ஏப்ரலில் அறிவித்தது. எவ்லெட், மெல்லன் அறக்கட்டளைகள் இதற்கு 1.1 கோடி டாலர் வழங்கின. 2002இல் 50 பாடங்களுடன் முன்னோட்டம் வெளியாயிற்று. டொனால்ட் சாடோவே நடத்திய திண்மநிலை வேதியியல் அறிமுகப் பாடத்தின் காணொலிப் பதிவுகள் வகுப்பறைக்கு அப்பாலும் பெரும் வரவேற்பைப் பெற்றன.

இதே 2002 டிசம்பரில் கிரியேட்டிவ் காமன்ஸ் அமைப்பின் முதல் உரிமங்கள் வெளியாயின. ஒரு வளத்தைப் பார்ப்பதற்கு உள்ள வாய்ப்பும், அதனைப் படியெடுக்கவும் மாற்றவும் பெயர்க்கவும் உள்ள உரிமையும் வேறுவேறு என்பதை இவ்வுரிமங்கள் தெளிவாக்கின. மேற்கூறிய இரு நிறுவனங்களும் தம் வளங்களுக்கு வணிகமல்லாப் பயன்பாட்டை அனுமதிக்கும் பகிர்வுரிமத்தை ஏற்றுக்கொண்டன.

மூன்றாம் கட்டம்: இந்திய முயற்சி

இந்தியாவில் பல்கலைக்கழக மானியக் குழு 1984இல் தொலைக்காட்சி வழியாகத் தொடங்கிய 'நாடுதழுவிய வகுப்பறை' காட்சிவழி உயர்கல்விக்கு முன்னோடியாக அமைந்தது. ஆயினும் ஒளிபரப்பு நேரத்தைத் தவறவிட்ட மாணவர் பாடத்தையும் தவறவிட்டார். இக்குறையை இணையம் நீக்கியது. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் 1999இல் முளைத்த எண்ணம், ஏழு இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களும் பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனமும் இணைந்த 'என்பிடெல்' திட்டமாக 2003இல் நடுவண் அரசின் நிதியுடன் செயல்வடிவம் பெற்றது. முதற்கட்டத்தில் அடிப்படை அறிவியலுடன் கட்டடவியல், இயந்திரவியல், மின்னியல், மின்னணுவியல், கணினியியல் ஆகிய ஐந்து பொறியியல் பிரிவுகளே முதன்மை பெற்றன. உலோகவியலும் பொருளறிவியலும் தனிப் பிரிவாக இரண்டாம் கட்டத்திலேயே இடம்பெற்றன.

மேலை முயற்சிகளினின்றும் இது ஒரு வகையில் வேறுபட்டது. கேம்பிரிட்ஜ் தொகுப்புகள் ஒரு கருத்தை மாணவர் தாமே இயக்கிப் பார்க்கும் அசைவூட்டத்தை மையமாகக் கொண்டன. என்பிடெல் ஒரு பருவம் முழுவதற்குமான விரிவுரையை மையமாகக் கொண்டது. தகுதிவாய்ந்த ஆசிரியர் கிடைக்காத கல்லூரிகளின் குறையைப் போக்குவதே அதன் நோக்கமாதலின் இத்தேர்வு பொருத்தமானதே. எனினும் நீண்ட சங்கிலியின் அசைவை மாணவர் தாமே இயக்கிக் காணும் வாய்ப்பு இதனால் பின்னுக்குச் சென்றது.

2020: ஒரு தொழில்நுட்பத்தின் முடிவு

2000களில் உருவான ஊடாடும் அசைவூட்டங்களுள் பெரும்பாலானவை ஃப்ளாஷ் என்னும் தனியார் மென்பொருளையோ ஜாவா குறுஞ்செயலிகளையோ சார்ந்திருந்தன. குரோம் உலாவி 2015இல் ஜாவா செருகுநிரலுக்கான ஆதரவை நீக்கியது. ஃப்ளாஷைக் கைவிடப்போவதாக அடோபி நிறுவனம் 2017 ஜூலையில் அறிவித்து, 2020 டிசம்பர் 31இல் ஆதரவை நிறுத்தியது. 2021 ஜனவரி 12 முதல் ஃப்ளாஷ் கோப்புகள் அதன் இயக்கியில் ஓடாதவாறு தடுக்கப்பட்டன. பக்கம் திறக்கும், விளக்கவுரை இருக்கும், சங்கிலி அசைய வேண்டிய இடம் மட்டும் வெற்றுக் கட்டமாகக் கிடக்கும். அவ்வளத்தை நம்பிப் பாடத்திட்டம் வகுத்த ஆசிரியருக்கு இஃது ஒரு பாடநூலின் நடுப்பக்கங்கள் கிழிந்ததற்கு ஒப்பாகும்.

எல்லாம் அழிந்துவிடவில்லை. பொறுப்பேற்க ஒரு துறை இருந்த இடத்தில் அசைவூட்டங்கள் மீள எழுதப்பட்டன. கேம்பிரிட்ஜ் தொகுப்புகள் இவ்வாறு புதிய வடிவுக்கு மாறின. இன்டர்நெட் ஆர்க்கைவ் 2020 நவம்பரில் ஃப்ளாஷ் கோப்புகளைப் போன்மி வழியே இயக்கிக் காட்டும் ஏற்பாட்டைத் தொடங்கியது. ஆனால் நிதிக்காலம் முடிந்து, உருவாக்கியோர் இடம்பெயர்ந்து, மூலநிரலும் உரிமமும் வெளியிடப்படாத வளங்களை மீட்பார் இல்லை. அச்சு நூல் நூலகத்தில் கிடந்தே பிழைக்கும். இணைய வளமோ தொடர்ந்து பேணப்பட்டால் மட்டுமே பிழைக்கும்.

தமிழ்ச்சூழலுக்கான பொருத்தம்

என்பிடெல் விரிவுரைகள் பலவற்றின் எழுத்தாக்கங்கள் தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் பெயர்க்கப்பட்டு வருகின்றன. கொலராடோ பல்கலைக்கழகத்தில் 2002இல் தொடங்கிய 'ஃபெட்' ஊடாடு பாவனையாக்கங்கள் சில தமிழிலும் கிடைக்கின்றன. அவற்றில் நிரலும் திரையில் தோன்றும் சொற்களும் தனித்தனியே வைக்கப்பட்டிருப்பதால், நிரல் அறியாத ஆசிரியரும் சொற்களை மட்டும் பெயர்க்க இயல்கிறது. படத்திற்குள்ளேயே ஆங்கிலச் சொல் பொறிக்கப்பட்ட அசைவூட்டத்தில் இது கூடாது.

கலைச்சொல் வேறுபாடு மற்றொரு சிக்கலாகும். தமிழ்நாட்டுப் பாடநூல்களில் 'பலபடி' எனப்படுவது இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் 'பல்பகுதியம்' எனப்படுகிறது. 'பல்லுறுப்பி', 'பாலிமர்' என்பனவும் வழங்குகின்றன. அச்சு நூலில் இஃது ஒரு நடை வேறுபாடு மட்டுமே. இணையத்திலோ ஒரு சொல்லைத் தட்டச்சிட்டுத் தேடும் மாணவருக்கு மற்றொரு சொல்லால் எழுதப்பட்ட பாடம் கிட்டாமற்போகும். எனவே ஒருபொருட் சொற்களை இணைத்துக் காட்டும் சொல்லடைவு தமிழ்க் கற்றல் வளத்தின் இன்றியமையா உறுப்பாதல் வேண்டும்.

முடிவுரை

மேற்கண்ட வரலாறு மூன்று உண்மைகளை உணர்த்துகிறது. முதலாவது, தனியார் மென்பொருளைச் சார்ந்த வளம் அம்மென்பொருளோடு சேர்ந்தே முடிந்தது. திறந்த வடிவில் அமைந்தது நிலைத்தது. இரண்டாவது, பெயர்க்கவும் திருத்தவும் உரிமை தந்த வளங்களே பிறமொழிகளுக்குத் தடையின்றிப் பரவ முடிந்தது. மூன்றாவது, உருவாக்கத்திற்கு நிதி கிடைப்பதைவிடப் பேணுதலுக்குப் பொறுப்பாளர் கிடைப்பதே அரிதாக இருந்தது. இன்று தமிழில் அறிவியல் வளங்களை உருவாக்கும் பல்கலைக்கழகத் துறைகளும் நல்கை நிறுவனங்களும் ஒரு திட்டத்தை ஏற்கும்போதே கோப்பு வடிவம், உரிமம், நிதிக்காலத்திற்குப் பிந்தைய பராமரிப்பு ஆகியவற்றை எழுத்தில் உறுதிசெய்வது தேவை. அவ்வாறு செய்யாவிடின், ஆங்கில வளங்களுக்கு 2020இல் நேர்ந்தது தமிழ் வளங்களுக்கு மீட்க மாற்றுப்படியும் இல்லாத நிலையில் நேரும்.