கம்பியில்லா விசைப்பலகையும் தமிழ் எழுத்தும்

டேப்லெட்டுக்கும் மடிக்கணினிக்கும் பொதுவாகக் கம்பியில்லா விசைப்பலகை வாங்குவோர் எடையையும் விலையையுமே பார்க்கின்றனர். முதலில் அளக்க வேண்டியது விசைகளின் இடைவெளி. மேசைப் பலகைகளில் ஒரு விசையின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவுக்கு ஏறத்தாழ 19 மில்லிமீட்டர். அது மிகவும் குறைந்தால் பழகிய விரல்கள் தடுமாறும்.

தமிழ் எழுத்து அச்சிட்ட பலகையைத் தேடி அலைய வேண்டியதில்லை. எந்த விசை அழுத்தப்பட்டது என்பதை மட்டுமே பலகை தெரிவிக்கிறது. அதைத் தமிழாக்குவது கருவியிலுள்ள மென்பொருள். திரையைத் தொட்டு எழுதும்போது தமிழ் தரும் செயலிகள் சில, புளூடூத் பலகையை இணைத்ததும் ஆங்கிலமே தரும். ஆகவே, 1999இல் தமிழக அரசு தரப்படுத்திய தமிழ்99 அமைப்பு வெளிப்பலகையிலும் இயங்குகிறதா என்பதை உங்கள் கருவியையே எடுத்துச் சென்று கடையில் சோதியுங்கள். ஒரே விசையில் கருவி மாறும் வசதிக்குச் சற்றுக் கூடுதலாகக் கொடுக்கலாம். வண்ண விளக்குகளுக்கு வேண்டாம்.