கப்போயிரா: வட்டம் காப்பாத்தினதும், காப்பாத்தாததும்

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சு, சோம்பேறித்தனத்துல தள்ளிப்போட்டுக்கிட்டே வந்த விஷயம் இது. வேலை விஷயமா நியூயார்க்ல கொஞ்ச காலம் குப்பை கொட்டினப்ப, ஒரு ஞாயித்துக்கிழமை பூங்காவுல ஒரு கூட்டம் வட்டமா நின்னு பாடிக்கிட்டு இருந்தது. நடுவுல ரெண்டு பேர். சண்டை போடுறாங்களா, ஆடுறாங்களான்னே தெரியலை. ஒருத்தர் கையை ஊனித் தலைகீழா நிக்கிறார். இன்னொருத்தர் காலைச் சுழட்டி, அவர் மூக்குக்கு ஒரு சாண் முன்னாடி நிறுத்துறார். ரெண்டு பேரும் சிரிக்கிறாங்க. நான் சும்மா வேடிக்கை பார்க்கத்தான் நின்னேன். பக்கத்துல இருந்த ஒரு அம்மா, 'நீயும் கையைத் தட்டு'ன்னு சைகை காட்டினாங்க. தட்டினேன். தாளம் தப்பு :-) அவங்க என் மணிக்கட்டைப் பிடிச்சு நிறுத்தி, மூணு தட்டு, அப்புறம் ஒரு இடைவெளின்னு காட்டிக் கொடுத்தாங்க. வேடிக்கை பார்க்க வந்தவனுக்கும் அங்க ஒரு வேலை இருக்குன்னு அப்பத்தான் புரிஞ்சது.

அதுக்குப் பேரு கப்போயிரா. பிரேசிலுக்கு அடிமைகளாக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களும் அவங்க வம்சமும் உருவாக்கின சண்டைக்கலை. அந்த வட்டத்துக்கு 'ஹோடா'ன்னு பேரு (எழுதுறது ரோடா, பிரேசில்காரங்க சொல்றது ஹோடா). உதைகளைப் பத்தி எழுத நிறைய பேர் இருக்காங்க, சினிமாவுலயும் வந்தாச்சு. எனக்கு எழுதத் தோணுறது அந்த வட்டத்தைப் பத்தித்தான்.

வட்டத்துக்குத் தலைமை ஒரு ஆள் இல்லை, பெரிம்பாவ்ங்கிற கருவி. ஒரு வில், ஒத்தைக் கம்பி, அடியில சுரைக்குடுக்கை, கையில ஒரு குச்சியும் ஒரு காசும். ஆடப்போற ரெண்டு பேரும் அதுக்கு முன்னாடி குத்தவெச்சு உட்காரணும். உத்தரவு கிடைச்சதும் உள்ள போகணும். பெரிம்பாவ் வேகமா அடிச்சா ஆட்டமும் வேகம், மெதுவா அடிச்சா மெதுவு. கூப்பிட்டா, ஆட்டத்தைப் பாதியில விட்டுட்டுத் திரும்பி வந்து உட்காரணும். புள்ளிக்கணக்கு, நாக்-அவுட் எதுவும் பாரம்பரிய ஹோடாவுல கிடையாது. அங்கோலா பாணின்னு சொல்ற பழைய முறையில மூணு பெரிம்பாவ், ரெண்டு கஞ்சிரா மாதிரி பறை, ஒரு இரட்டை மணி, ஒரு சுரண்டுக் கருவி, ஒரு பெரிய மத்தளம்னு மொத்தம் எட்டுக் கருவி. எட்டுப் பேர் வாசிக்க, ரெண்டு பேர் ஆட. ஆக, பத்துப் பேர் சேராம முழு ஹோடா நடக்காது. இன்னைக்கு ஆடுறவர் கொஞ்ச நேரத்துல வாசிக்கணும், வாசிக்கிறவர் ஆடணும்.

இதோட பிறப்பைப் பத்தி ஒரு கதை எல்லாரும் சொல்வாங்க. கரும்புத் தோட்டத்துல எசமானை ஏமாத்த, சண்டையை நடனமா மறைச்சாங்கன்னு. கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா பழைய ஆதாரம் பெரும்பாலும் நகரத்துலதான் கிடைக்குது. 1810கள்லயே ரியோ டி ஜெனிரோ போலீஸ் பதிவேடுகள்ல கப்போயிராவுக்காகப் பிடிபட்ட அடிமைகளோட பேர் வருது. துறைமுகத்துல மூட்டை தூக்கினவங்க, தண்ணி சுமந்தவங்க இவங்கதான் தெருவுல இதை ஆடினாங்க. ருகெண்டாஸ்னு ஒரு ஜெர்மன் ஓவியர் 1835ல வெளியிட்ட படத்துல ரெண்டு பேர் ஆட, சுத்தி ஆளுங்க நிக்க, ஒருத்தர் மத்தளம் அடிக்கிறார். அந்தப் படத்துல பெரிம்பாவ் இல்லை. கருவி பின்னாடி வந்திருக்கலாம், வட்டம் அப்பவே இருந்திருக்கு.

பிரேசிலுக்கு மட்டும் சுமார் 48 லட்சம் பேரை ஆப்பிரிக்காவுல இருந்து கப்பல்ல கொண்டுவந்து இறக்கினாங்க. குடும்பம், ஊர், பேரு எல்லாம் போயாச்சு. அப்படி வந்தவங்களுக்கு பத்துப் பேர் சேர்ந்து நிக்கிறதே எவ்வளவு பெரிய விஷயமா இருந்திருக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

அரசாங்கம் பயந்ததும் அதுக்குத்தான். 1888 மே 13ல அடிமை முறை ஒழிஞ்சது. 1889ல குடியரசு வந்தது. 1890லயே புது தண்டனைச் சட்டம், அதுல 402வது பிரிவு: தெருவுல கப்போயிரா ஆடினா ரெண்டுல இருந்து ஆறு மாசம் சிறை. ஒரு கூட்டத்தைச் சேர்ந்தவரா இருந்தா குற்றம் இன்னும் கடுமை. கூட்டத்துக்குத் தலைவர்னா தண்டனை ரெட்டிப்பு. திரும்ப மாட்டினா தீவுக்கு நாடு கடத்தல். உதைக்குத் தண்டனை ஒரு பங்குன்னா, சேர்ந்ததுக்குத் தனியா! ரியோவோட போலீஸ் தலைவர் சாம்பாயோ ஃபெராஸ் ஆட்களைப் பிடிச்சு ஃபெர்னாண்டோ டி நொரோன்யா தீவுக்கு அனுப்பினார்.

நியாயமாச் சொல்லணும்னா, எல்லாரும் அப்பாவிங்க இல்லை. ரியோவுல நாகோவா, குவையாமுன்னு ரெண்டு பெரிய அணிகள், கத்தியோட அடிச்சுக்குவாங்க. தேர்தல் நேரத்துல அரசியல்வாதிங்க அவங்களை வாடகைக்கு எடுத்துக்கிட்டாங்க. (இதெல்லாம் நமக்குப் புதுசா என்ன!) வேலை முடிஞ்சதும் அதே அரசியல் உலகம் அவங்களைக் கப்பல்ல ஏத்தினது. பட்டப்பேர் வெச்சுக் கூப்பிடுற பழக்கம் அந்தக் காலத்து மிச்சம்னு சொல்வாங்க. ஒருத்தன் பிடிபட்டாலும் இன்னொருத்தனோட நிஜப்பேர் அவனுக்குத் தெரியாது. பூங்காவுல நான் பார்த்தவங்களுக்கும் பட்டப்பேர்தான்.

ரியோவுல ஒடுக்கின கலை, வடக்கே பாயியா மாநிலத்து சால்வடோர் நகரத்துல தங்கிடுச்சு. அங்க ரெண்டு ஆசான்கள் ('மெஸ்த்ரே'ம்பாங்க). ஒருத்தர் பிம்பா. 1932ல பள்ளிக்கூடம் ஆரம்பிச்சார், 1937ல அரசுப் பதிவும் வாங்கினார். சேரணும்னா படிக்கிறதுக்கோ வேலை பார்க்கிறதுக்கோ அத்தாட்சி காட்டணும்னு விதி போட்டார். 'பொறுக்கிங்க கலை'ங்கிற பேரை மாத்த அவர் கண்டுபிடிச்ச வழி. மருத்துவ மாணவர்கள் எல்லாம் வந்து சேர்ந்தாங்க. 1940ல வந்த தண்டனைச் சட்டத்துல தடை இல்லை. 1953ல ஜனாதிபதி ஜெத்தூலியோ வர்காஸ் முன்னாடியே பிம்பா ஆடிக் காட்டினார்.

இன்னொருத்தர் பஸ்தீன்யா. சின்ன வயசுல தெருவுல ஒரு பெரிய பையன்கிட்ட தினம் அடி வாங்கிக்கிட்டு இருந்தவரை, ஜன்னல் வழியாப் பார்த்த பெனெதீத்தோங்கிற ஆப்பிரிக்கப் பெரியவர் கூப்பிட்டுச் சொல்லிக்கொடுத்ததா அவரே சொல்லியிருக்கார். அப்புறம் பல வருஷம் கலையை விட்டே விலகி இருந்தார். 1941ல, ஐம்பதைத் தாண்டின வயசுல, ஜென்ஜிபீராங்கிற இடத்து ஞாயித்துக்கிழமை ஹோடாவுக்கு ஒரு சிஷ்யர் கூட்டிக்கிட்டுப் போறார். அந்த வட்டத்தை நடத்திக்கிட்டு இருந்த அமோர்சீன்யுங்கிறவர், 'இனிமே நீங்க பார்த்துக்கங்க'ன்னு பஸ்தீன்யா கையில ஒப்படைச்சார். அமோர்சீன்யு யார் தெரியுமா? ஒரு காவலர்! தடை வந்து அம்பது வருஷத்துல இப்படி.

பஸ்தீன்யாவோட பள்ளி 1955ல பெலொரீன்யு சதுக்கத்துக்கு வந்தது. அந்தப் பேருக்கு அர்த்தம் சவுக்கடிக் கம்பம். மஞ்சள்-கறுப்பு உடை, அவர் ரசிச்ச கால்பந்து கிளப்போட நிறம். 1964ல புத்தகம் எழுதினார். 1966ல செனகல் தலைநகர் டக்கார்ல நடந்த கறுப்பினக் கலை விழாவுக்கு பிரேசில் சார்பா போனார், பார்வை மங்கின நிலைமையில.

இதுவரைக்கும் வட்டம் காப்பாத்தின கதை. இனிமே வர்றதுதான் எனக்கு மனசு ஆறாத பகுதி.

1970கள் தொடக்கத்துல பெலொரீன்யுவைப் புதுப்பிக்கப்போறோம்னு அந்தக் கட்டடத்துல இருந்து பஸ்தீன்யாவைக் காலி பண்ணச் சொன்னாங்க. திரும்பக் கொடுப்போம்னாங்க. கொடுக்கலை. அந்த இடம் உணவகம் ஆச்சு. வாத்தியக் கருவி, பெஞ்சு எல்லாம் போச்சு. முழுசாக் கண்ணு தெரியாம ஒரு சின்ன அறையில இருந்தார். மனைவி அக்கராஜே வித்து வீட்டைப் பார்த்துக்கிட்டாங்க. அக்கராஜேன்னா தட்டப்பயறை அரைச்சு செம்பனை எண்ணெயில பொரிக்கிறது, கிட்டத்தட்ட நம்ம வடைதான். 1981 நவம்பர்ல இறந்தார். பிம்பா கதையும் வேற இல்லை. பாயியா தன்னை மதிக்கலைன்னு கோவிச்சுக்கிட்டு, வாக்குறுதியை நம்பி 1973ல கொயானியா நகரத்துக்குப் போய், அங்க ஏமாந்து, 1974ல இறந்தார்.

அரசாங்கத்தைத் திட்டுறது சுலபம். ஆனா அந்த வட்டத்துல நின்னு பாடினவங்க எங்க போனாங்கன்னு எனக்குக் கேள்வி. பாதிப் பதில், அவங்களும் ஏழைங்க. பஸ்தீன்யாவோட முக்கியச் சீடர் ஜுவாவ் கிராந்தே (பெரிய ஜான்) பயிற்சியையே விட்டுட்டு பெட்ரோல் பங்க்ல வேலை, ராத்திரி டூரிஸ்ட்களுக்கு ஆட்டம்னு இருந்தார். மீதிப் பதில் எனக்கு இன்னும் கிடைக்கலை.

அடுத்த தலைமுறைதான் தேடிப் போனது. மொராயிஸ்ங்கிறவர் 1980ல ரியோவுல அங்கோலா பாணிக்குன்னு ஒரு குழு ஆரம்பிச்சு, 1982ல சால்வடோர் திரும்பினார். அவரும் கோப்ரா மான்சாவும் பேசிப்பேசி ஜுவாவ் கிராந்தேயை மறுபடி சொல்லிக்கொடுக்க வெச்சாங்க. இன்னொரு சீடர் ஜுவாவ் பெக்கேனோ (சின்ன ஜான்) 1982ல ஒரு கோட்டையில பள்ளியைத் திறந்தார். அந்தக் கோட்டை முன்னாடி ஜெயிலா இருந்தது. அந்த மொராயிஸ் குழுவுல வளர்ந்த ஜான்ஜாங்கிற பெண், பின்னாடி 1995ல ன்சிங்கா குழுவைத் தொடங்கினவங்கள்ல ஒருத்தர். ஆம்பளைங்க வட்டமாவே இருந்ததுல பெண்கள் பெரிம்பாவ் எடுக்க இத்தனை காலம் ஆச்சு.

ஜுவாவ் கிராந்தே 1990ல நியூயார்க் வந்து பள்ளி ஆரம்பிச்சார். 2001ல அமெரிக்காவோட தேசிய பாரம்பரியக் கலை விருது. பெட்ரோல் பங்க்ல இருந்து அங்க. 2014ல யுனெஸ்கோ பட்டியல்ல சேர்த்தப்பவும், பேர் 'கப்போயிரா வட்டம்'னுதான் போட்டாங்க.

நான் அந்தப் பூங்காவுக்கு இன்னும் நாலஞ்சு ஞாயிறு போனேன். ஆடலை, இடுப்பு ஒத்துழைக்கலை. கைதட்டல் மட்டும் ஒருவழியா வந்துடுச்சு. இதோட பங்காளி மாதிரி ரியூனியன் தீவுல மொரிங்னு ஒண்ணு இருக்கு, நம்ம தமிழ் வம்சாவளிக்காரங்க நிறைய இருக்கிற அதே தீவுதான். அதைப் பத்தி இன்னொரு நாள்.