டிரைபாட்டைத் தூக்கி நடப்பது எப்படி? பத்துமலைப் பாதைக்கும் பிரிக்பீல்ட்ஸ் நடைபாதைக்கும் ஒரு கையேடு

கோலாலம்பூர், ஜாலான் துன் எச்.எஸ்.லீயில் உள்ள ஸ்ரீ மகா மாரியம்மன் ஆலயத்திலிருந்து பத்துமலைக்குச் சுமார் 15 கிலோமீட்டர். தைப்பூசத்தை ஒட்டி வெள்ளி ரதம் புறப்படும் இரவில், பக்தர்கள் பலர் வெறுங்காலோடு இந்தத் தூரத்தை நடந்தே கடக்கின்றனர். அவர்களுக்கு முன்னும் பின்னுமாகப் புகைப்படக் கலைஞர்களும் நடக்கின்றனர். கேமரா கழுத்தில் தொங்கும், லென்ஸ் பைக்குள் போய்விடும். டிரைபாட் எனப்படும் மூன்று கால் தாங்கியைத்தான் எங்கே வைப்பது என்று தெரியாமல் பலர் திண்டாடுகின்றனர்.

சாதாரண அலுமினிய டிரைபாட் ஏறத்தாழ 2 கிலோ இருக்கும். கார்பன் இழையில் செய்தது ஒன்றரைக் கிலோ அல்லது அதற்கும் குறைவு. வீடியோ எடுப்போர் வைத்திருக்கும் கனமான வகை 5 கிலோவைத் தாண்டும். 2 கிலோ பெரிய சுமையில்லை. தோட்டத்தில் வளர்ந்தவர்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். தொல்லை தருவது எடையைவிட அதன் வடிவம்தான். மடக்கினாலும் 40 முதல் 65 சென்டிமீட்டர் நீளம். பந்துத் தலை உள்ள முனை கனமாகவும் கால் முனை இலேசாகவும் இருக்கும். அதனால் எங்கே பிடித்தாலும் ஒரு பக்கம் சாயும், அதை நேராக வைத்திருக்கவே மணிக்கட்டும் தோளும் ஓயாமல் உழைக்கும். 15 கிலோமீட்டர் என்றால் சுமார் 20,000 எட்டுகள். ஒவ்வோர் எட்டிலும் அந்தச் சிறு இழுப்பு உண்டு.

அதற்கு முன் ஒரு கேள்வி: அன்றைக்கு டிரைபாட் தேவைதானா? கேமரா ஆடுவதைத்தான் அது தடுக்கும். எதிரே ஆடிவரும் காவடியை அது நிறுத்தாது. இரவு ஊர்வலத்தில் படம் கலங்குவதற்குப் பெரும்பாலும் காவடியின் அசைவுதான் காரணம், அதற்கு ஐ.எஸ்.ஓ.வை ஏற்றி, ஷட்டர் வேகத்தைக் கூட்டுவதே வழி. இப்போது வரும் பல கேமராக்களில் அதிர்வைக் குறைக்கும் அமைப்பு உள்ளேயே இருக்கிறது. நெரிசலில் மூன்று கால்களையும் விரித்து நிற்பதற்கும் இடம் கிடைக்காது. வெறுங்காலோடு வரும் பக்தர் இடறி விழுந்தால் அந்தப் பழி சும்மா போகாது. ஊர்வலம் மட்டும்தான் எடுக்கப் போகிறோம் என்றால் மோனோபாட் எனும் ஒற்றைக்கால் தாங்கி போதும். அரைக் கிலோ அளவில்தான் இருக்கும், களைத்தால் ஊன்றுகோலும் ஆகும். விடியலுக்கு முன் 42.7 மீட்டர் முருகன் சிலையை முழுமையாக எடுக்க வேண்டும், குகைக்குள் இருளில் நீண்ட நேர ஒளிப்பதிவு வேண்டும் என்பவர்களுக்கே டிரைபாட். அவர்கள் ஆலய நிர்வாகத்திடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

எடுத்துப் போவது என்று முடிவானால், கையில் பிடித்து நடப்பது பத்து நிமிடத்துக்குச் சரி. தலைப்பகுதிக்குச் சற்றுக் கீழே, எடை சமமாக நிற்கும் இடத்தைக் கண்டு பிடிக்க வேண்டும். ஒரு விரல் மேல் கிடத்திப் பார்த்தால் அந்த இடம் தெரிந்துவிடும். அங்கே ஒரு வண்ண நாடாவைச் சுற்றி வைத்தால் இருட்டிலும் கை தேடாது.

தோளில் சாய்த்துக்கொள்வது அடுத்த வழி. வெறும் உலோகம் தோள் எலும்பில் உரசும்போதுதான் வலி. ஏர்கோன் குழாய்க்குச் சுற்றும் கறுப்பு நுரைக் குழாய் வன்பொருள் கடைகளில் வெட்டித் தருவார்கள். 25 சென்டிமீட்டர் அளவில் மூன்று துண்டு வாங்கி, நீளவாக்கில் கீறி, கால்களின் மேற்பகுதியில் மாட்டி ஒட்டுநாடா சுற்றினால் வேலை முடிந்தது. வெயிலில் கிடந்த அலுமினியம் கையைச் சுடாமலும் அது காக்கும். கால் பருமனை அளந்துகொண்டு கடைக்குப் போக வேண்டும். தொளதொளவென்று இருந்தால் வழுக்கும். நுரை கிடைக்காவிட்டால் துண்டை நான்காக மடித்துத் தோளில் போட்டுக்கொள்ளலாம். தலைச்சுமைக்குச் சும்மாடு வைத்தவர்கள் செய்ததும் இதைத்தான்.

கேமராவை டிரைபாட்டிலேயே மாட்டித் தோளில் சாய்த்து நடப்பவர்களைக் காணலாம். ஆள் இல்லாத இடத்தில் பரவாயில்லை. கூட்டத்தில் அது நமக்குப் பின்னால் யார் தலைக்கு மேல் ஆடுகிறது என்று நமக்கே தெரியாது. கேமராவைத் தாங்கி நிற்பது கால் அங்குலத் திருகாணி ஒன்றும் ஒரு சிறு பூட்டும்தான். நடக்கும் அதிர்வில் இரண்டுமே தளரக்கூடியவை.

தோள்வார் போட்டுக் குறுக்காக மாட்டினால் இரண்டு கையும் விடுபடும். வாரின் ஒரு முனை தலைக்குக் கீழுள்ள கழுத்தில், மறுமுனை ஒரு காலின் அடிப்பாகத்தில். வாரின் அகலம் இங்கே முக்கியம். அதே எடையை இரண்டரை சென்டிமீட்டர் வாருக்குப் பதில் 5 சென்டிமீட்டர் வார் தாங்கினால், தோளில் விழும் அழுத்தம் பாதியாகிறது. அரைமணிக்கு ஒருமுறை தோள் மாற்ற வேண்டும். கை மரத்துப் போனாலோ விரல்களில் ஊசி குத்துவது போலிருந்தாலோ, வார் கழுத்தோரத்து நரம்பை அழுத்துகிறது என்று பொருள். உடனே இறக்கிவிட வேண்டும். மறுநாளும் அது தொடர்ந்தால் மருத்துவரைப் பார்ப்பதே சரி.

நெடுந்தூரத்துக்கு முதுகுப்பைதான். பெரும்பாலானோர் பக்கவாட்டுப் பையில் கால்களைச் செருகி, மேலே வாரால் இறுக்குகின்றனர். அப்போது உடல் ஒரு பக்கமாக இழுபடும். அதை ஈடுகட்ட இடுப்பு எதிர்ப்பக்கம் சாயும். இதற்குத் தீர்வை இந்த மண்ணின் சுமைக்காரர்கள் எப்போதோ கண்டுவிட்டனர். பால் வாளிகளைக் கம்பின் இரு முனையிலும் தொங்கவிட்டுச் சுமந்த தோட்டத் தொழிலாளர்களும், சோற்றுக் கூடைகளை அப்படியே சுமந்து விற்ற பினாங்கு வணிகர்களும் சுமையை இரண்டாகப் பிரித்தே நடந்தனர். 'நாசி கண்டார்' என்ற பெயரிலேயே அந்தச் சுமைக்கம்பு இருக்கிறது. ஒன்றரை லிட்டர் தண்ணீர் ஒன்றரைக் கிலோ. ஒரு பக்கம் கார்பன் டிரைபாட், மறுபக்கம் ஒரு பெரிய தண்ணீர் போத்தல் என்றால் சமமாகிவிடும். குடிக்கக் குடிக்கச் சமநிலை குலையும் என்பது உண்மைதான், வழியிலுள்ள தண்ணீர்ப் பந்தல்களில் நிரப்பிக்கொள்ளலாம்.

பையின் இடுப்புப் பட்டையைப் பலர் அலங்காரம் என்று நினைத்துப் பின்னால் மடித்துக் கட்டிவிடுகின்றனர். அலகுக் காவடி எடுப்பவரைக் கவனித்தால் போதும். பெரிய சட்டத்தின் எடையை அவர் தோள் மட்டும் தாங்குவதில்லை. இடுப்பில் இறுக்கிய அகலமான பட்டையும் சேர்ந்து தாங்குகிறது. இடுப்பெலும்பின் மேல் பட்டை சரியாக உட்கார்ந்தால் சுமையின் பெரும்பகுதி கால்களுக்கு இறங்கிவிடும், தோள்வார் பையை முதுகோடு ஒட்டி வைத்திருக்கும் வேலையை மட்டும் பார்க்கும்.

272 படிகளில் நிலைமை வேறு. செங்குத்தான படியில் மூன்று படி கீழே வருபவரின் முகம், நம் இடுப்பு உயரத்தில் இருக்கும். பைக்கு அடியில் டிரைபாட்டைக் குறுக்காகக் கட்டியிருந்தால் அது நேராக அவர் முகத்துக்குத்தான் போகும். தலையில் பால்குடம் ஏந்தி வருபவரால் விலகவும் முடியாது. எனவே படிகளில் டிரைபாட் முதுகின் நடுவே, நெடுக்காக, உடலோடு ஒட்டி இருக்க வேண்டும். கனமான தலைப்பகுதி கீழே இருந்தால் ஏறும்போது தடுமாற்றம் குறையும். காலடியில் கூர்முனை உள்ள வகை என்றால் கழற்றிவிட்டு ரப்பர் அடியை மாட்ட வேண்டும். தொங்கும் வார்களைச் சுருட்டிச் செருகிவிடுவதும் தேவை, பத்துமலைக் குரங்குகளுக்கு ஆடுவது எதுவானாலும் விளையாட்டுப் பொருள்தான்.

கிள்ளானிலிருந்து வருவோர் கே.எல். சென்ட்ரலில் கொமுட்டர் மாறிப் பத்துமலை நிலையத்தில் இறங்கலாம். ரயிலுக்குள் பையைக் கழற்றி முன்பக்கம் மாட்டுவதோ காலிடையே வைப்பதோதான் முறை. திரும்பும்போது முதுகில் நீட்டிக்கொண்டிருக்கும் முனை எங்கே போகிறது என்பது சுமப்பவருக்குத் தெரிவதில்லை.

கே.எல். சென்ட்ரலுக்கு வெளியே பிரிக்பீல்ட்ஸில் இன்னும் கூடுதல் கவனம் வேண்டும். மலேசியப் பார்வையற்றோர் சங்கம் அங்கே இருப்பதால், அந்த வட்டாரத்து நடைபாதைகளில் மேடு வரிகள் கொண்ட மஞ்சள் பாதை பதிக்கப்பட்டிருக்கிறது. வெள்ளைக் கோலோடு நடப்பவர் அதை நம்பித்தான் கால் வைக்கிறார். தீபாவளிக் காலத்தில் ஜாலான் துன் சம்பந்தன் விளக்குகளைப் படமெடுக்க வருவோர் அந்த மஞ்சள் கோட்டின் மேல் முக்காலியை விரித்து வைப்பது அநியாயம். பையிலிருந்து பக்கவாட்டில் நீளும் கால்களும் அப்படித்தான்: தரையைத் தடவிவரும் வெள்ளைக்கோலுக்கு, மார்பு உயரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பி தட்டுப்படாது. கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவில் கடைப் பொருள்கள் வாசல்வரை நிற்கும் ஐந்தடி நடைபாதையிலும் டிரைபாட்டை நெட்டுக்குத்தாகப் பிடித்தே நடக்க வேண்டும்.

திருமண மண்டபத்துக்கும் அரங்கேற்றத்துக்கும் வீடியோ டிரைபாட், விளக்குக் கம்பங்கள் எல்லாம் கொண்டுபோகும் கலைஞர்களுக்கு இந்த வழிகள் எதுவும் போதாது. அந்தச் சுமை பத்து கிலோவை எளிதில் தாண்டும். சக்கரம் வைத்த நீளப்பைதான் அவர்களுக்கு. மண்டபத்து மாடிப்படியில் மட்டும் இரண்டு பேர் ஆளுக்கொரு முனையாகத் தூக்கலாம். வாரம் தவறாமல் நிகழ்ச்சி இருக்கும் தொழிலில் முதுகு போனால் வருமானமும் போகும். உதவியாளருக்குக் கொடுக்கும் கூலியைச் செலவாகப் பார்க்கக்கூடாது.

புறப்படும் முன் மூன்று கால்களின் எல்லாப் பூட்டுகளையும் ஒருமுறை திருகிப் பார்க்க வேண்டும். திருகு வகைப் பூட்டு நடையில் தளர்ந்தால் உள்கால் சரிந்து கால்விரலில் விழும். செருப்பில்லாத நாளில் அது சிறு காயமாக இருக்காது. மழையில் நனைந்த டிரைபாட்டை மடக்கியபடியே பையில் போட்டு வைத்தால் குழாய்க்குள் நீர் தங்கிப் பூட்டு இறுகிவிடும். வீடு திரும்பியதும் நுரைக்குழாயைக் கழற்றி, கால்களை முழுக்க நீட்டித் துடைத்து, ஓர் இரவு நிழலில் நிற்க வைக்க வேண்டும்.