பாலும் பற்றுச்சீட்டும்

2021 டிசம்பர் 17ஆம் தேதி இரவு, சுங்குவார்சத்திரத்தில் சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையை மறித்து இளம்பெண்கள் அமர்ந்தார்கள். ஐபோன் தயாரிக்கும் ஃபாக்ஸ்கான் ஆலையின் தொழிலாளிகள் அவர்கள். திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ள விடுதியொன்றில் உண்ட உணவு நஞ்சாகி, உடன் பணிபுரிந்த பெண்களில் 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருந்தார்கள். சிலர் இறந்துவிட்டதாகப் புரளியும் பரவியிருந்தது. அந்தச் சமையலறையில் எலிகளையும் வடியாத கழிவுநீரையும் கண்ட உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் அதை மூடினார்கள். ஆலை மீண்டும் இயங்கத் தொடங்கியது 2022 ஜனவரி 12 அன்றுதான்.

அந்தச் செய்திகளை வாசித்த நாட்களில் ஒரு கேள்வி என்னைத் தொந்தரவு செய்துகொண்டே இருந்தது. உண்பவரைக் காப்பதற்கென்று நம்மிடம் நூறாண்டுக்கு மேலாகச் சட்டம் இருக்கிறது. அது இத்தனை காலமும் யாரைப் பார்த்துக்கொண்டிருந்தது?

சென்னை மாகாணத்தின் கலப்படத் தடுப்புச் சட்டம் 1918இல் இயற்றப்பட்டது. இந்திய மாகாணங்களில் இவ்வகைச் சட்டங்களுள் இது முந்தியவற்றுள் ஒன்று. நகரத்தின் பாலும் நெய்யும்தான் அக்காலத்துப் பெருங்கவலைகள். 1927இல் சென்னையில் கூட்டுறவுப் பால் விநியோகச் சங்கம் பிறந்ததற்கும் நல்ல பால் கிடைக்கவில்லை என்ற இந்தக் கவலைக்கும் தொடர்பில்லாமல் இருக்க முடியாது. சுதந்திரத்துக்குப் பின் நாடு முழுமைக்குமாக 1954ஆம் ஆண்டின் உணவுக் கலப்படத் தடைச் சட்டம் வந்தது. உள்ளாட்சியின் உணவு ஆய்வாளர் பால்காரரை வழியில் நிறுத்துவார். விலை கொடுத்துப் பால் வாங்கி, மூன்று பாகமாக்கி, கெடாதிருக்க ஃபார்மலின் சேர்த்து, அரக்கு முத்திரையிடுவார். ஒரு பாகம் பொதுப் பகுப்பாய்வாளரிடம் போகும். கொழுப்பும், கொழுப்பல்லாத திடப்பொருளும் அளக்கப்படும். எண் குறைந்தால் வழக்கு.

இங்கேதான் கதையின் முடிச்சு இருக்கிறது. தமிழ்நாட்டில் பசும்பாலுக்குக் கொழுப்பு 3.5 சதவீதம், பிற திடப்பொருள் 8.5 சதவீதம் என்பது நெடுங்கால நியமம். ஆனால் பாலின் அடர்த்தி பசுவின் இனத்தையும் தீவனத்தையும் பருவத்தையும் பொறுத்தது. கோடையில் வைக்கோலை மட்டும் மென்ற மாட்டிடம் 8.5ஐ யார் வாங்கித் தருவது? பொருளின் தன்மை எனக்குத் தெரியாது என்று விற்றவர் வாதாடச் சட்டத்தின் 19ஆம் பிரிவு இடம் தரவில்லை. அதே பிரிவில் ஒரு விலக்கு உண்டு: தயாரிப்பாளரிடமிருந்தோ மொத்த வணிகரிடமிருந்தோ எழுத்து மூலமான உத்தரவாதத்துடன் வாங்கி, வாங்கியபடியே விற்றவர் தப்பலாம். கடைக்காரருக்கு அது கேடயம். தன் தொழுவத்தில் தானே கறந்து விற்பவருக்கு உத்தரவாதம் எழுதித் தர மாடா வரும்? பின்னாளைய திருத்தங்கள் பெரும்பாலான குற்றங்களுக்குக் குறைந்தபட்சத் தண்டனையாகவே ஆறு மாதச் சிறையை வைத்தன. 2017இல் அந்த நியமம் 3.2, 8.3 எனத் தளர்ந்தது. இடைப்பட்ட அறுபதாண்டுகளில் அந்தச் சிறு வித்தியாசத்துக்காக நீதிமன்றப் படியேறியவர்களை எவரும் எண்ணி வைத்திருப்பதாகத் தெரியவில்லை.

சிறு உற்பத்தியாளர் எல்லாரும் தூய்மையின் திருவுருவங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. பாலில் தண்ணீர் சேர்ப்பது நம் மரபுக் கலைகளில் ஒன்று. எனக்குத் தெரிந்த ஒரு பால்காரர் அதை மழை மேல் சுமத்துவார்.

2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம் 2011 ஆகஸ்ட் 5 முதல் நடைமுறைக்கு வந்தது. பல விதங்களில் இது பழையதைவிடக் கருணையுள்ளது. தரம் குறைந்த, ஆனால் தீங்கற்ற உணவுக்குச் சிறை இல்லை, அபராதம் மட்டுமே. உழவர் கையில் இருக்கும்வரை விளைபொருள் இச்சட்டத்துக்குள் வருவதே இல்லை. ஆண்டு விற்பனை 12 லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட சிறு வணிகருக்கு உரிமம் வேண்டாம். 100 ரூபாய் கட்டிப் பதிவு செய்தால் போதும் என்றன 2011 விதிகள். இருந்தும் தமிழக வணிகர் சங்கங்கள் கொதித்தன. காலக்கெடு மீண்டும் மீண்டும் நீட்டிக்கப்பட்டது. கூர்ந்து பார்த்தால், அவர்கள் அஞ்சியது கட்டணத்துக்கு அல்ல, காகிதத்துக்கு. கத்தரிக்காயாக இருக்கும்வரை உழவர் சட்டத்துக்கு வெளியே நிற்கிறார். அதை வற்றலாக்கி விற்றால் உள்ளே வந்துவிடுகிறார். விவசாயி வீட்டுப் பெண்ணுக்கு நாலு காசு மிச்சம் தருவதோ வற்றலும் மோரும் ஊறுகாயும்தான்.

இதே ஆண்டுகளில் இந்தப் பகுதியின் முகம் மாறிக்கொண்டிருந்தது. இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் ஹூண்டாய் உற்பத்தியைத் தொடங்கியது. பிறகு ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா, 2010இல் ஒரகடத்தில் ரெனோ-நிஸான் என்று ஏரிப்பாசன வயல்களின் நடுவே ஆலைகள் எழுந்தன. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டப்படி 250 பேருக்கு மேல் பணிபுரியும் இடத்தில் கேன்டீன் நடத்தும்படி அரசு அப்போது விதிக்க முடிந்தது. ஆக, ஆயிரக்கணக்கானோர் மூன்று ஷிப்டுகளிலும் உண்ணும் பெருஞ்சந்தை ஒன்று வயலோரத்திலேயே வந்து அமர்ந்தது. பக்கத்து ஊர்ப் பாலுக்கும் கீரைக்கும் இதைவிட நல்ல காலம் எது?

ஆனால் கேன்டீன் நடத்துபவர் சமையல் ஒப்பந்தக்காரர். புதிய சட்டத்தின் 26ஆம் பிரிவு பழைய உத்தரவாதத்தைக் கைவிடவில்லை. பில் இருந்தால் அதுவே உத்தரவாதம் என்றது. ஏதேனும் தவறு நேர்ந்தால் அவரைக் காப்பது அந்தப் பில். நூறு வீடுகளிலிருந்து பால் வாங்கி நூறு பேரையும் நம்புவதைவிட, ஒரே மொத்த வணிகரிடம் ஒரே பில் பெறுவது அவருக்கு எளிது. இதில் அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். ஐந்து வீடுகளுக்குப் பால் ஊற்றுபவரின் பால் திரிந்தால் ஐந்து வீட்டாரும் மறுநாள் காலையில் அவர் முகத்தைப் பார்த்தே கேட்பார்கள். நூற்றுக்கணக்கானோருக்கு ஒரே இரவில் சமைக்கும் கூடத்தில் அப்படிக் கேட்பதற்கு முகமே இல்லை. அந்தப் பெண்கள் நெடுஞ்சாலைக்கு வந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

அவர்கள் சாலையில் அமர்ந்திருந்தபோது மற்றோர் ஆணை நடைமுறைக்கு வரக் காத்திருந்தது. உணவு வணிகத்தின் பில்களில் 14 இலக்க உரிம எண்ணையோ பதிவெண்ணையோ 2022 ஜனவரி 1 முதல் குறிப்பிட வேண்டும் என்பது அது. கறந்து ஊற்றும் பாலுக்குப் பில் போடும் வழக்கம் நம் ஊர்களில் இன்னும் வரவில்லை. மாதக் கணக்கைச் சுவரில் கரிக்கோடு இழுத்து வைத்திருப்பார்கள்.