கோடரிக்கு எந்த இரும்பு? பழைய இரும்புக் குவியலில் எடுக்க வேண்டியதும் தொடக்கூடாததும்

மாரிக்கு முன்னர் சந்தையில் மலிவாக ஒரு கோடரி வாங்கினேன். பாலை விறகில் நாலு கொத்து விழுவதற்குள் வாய் மடிந்துவிட்டது. கிளிநொச்சிப் பக்கம் பழக்கமான ஒரு கம்மாலைக்கு அதைக் கொண்டுபோனேன். ஐயா அரத்தை எடுத்து வாயில் ஒருமுறை இழுத்தார். அரம் கடித்துக்கொண்டு போய்த் தூள் கொட்டியது. "இது வெறும் பச்சையிரும்பு தம்பி. தோய்ச்சல் ஏறாது" என்றார்.

கோடரியின் தரம் இந்தத் தோய்ச்சலில்தான் இருக்கிறது. அதற்கு இரும்பில் போதிய காபன் வேண்டும். கட்டடக் கம்பி, ஆங்கிள், கதவுத் தகடு போன்றவற்றில் காபன் பெரும்பாலும் 0.3 சதவீதத்துக்குக் கீழ். எவ்வளவு சுட்டு நீரில் போட்டாலும் வெட்டும் வாய்க்கு வேண்டிய கடினம் அதில் வராது. லொறி, பஸ் வில்லுத்தகடுகளில் ஏறத்தாழ 0.6 சதவீதம் இருக்கும். கத்திக்கும் கோடரி வாய்க்கும் அதுவே நல்லது.

எங்கள் கொல்லர்களுக்கு இது படித்து வந்த அறிவல்ல. 1990க்குப் பின்னர் வடக்கின் மீதிருந்த பொருளாதாரத் தடையில் இரும்பும் அடக்கம். உடைந்த வாகனங்களைக் கழற்றித்தான் மண்வெட்டியும் கத்தியும் அடித்தார்கள். எந்தத் துண்டு எதற்கு உதவும் என்று அப்போது கை பழகியது.

வில்லுத்தகடு என்றவுடன் வாங்கிவிடக் கூடாது. வருடக்கணக்காகப் பாரம் தாங்கிய தகட்டில் மயிரிழை வெடிப்புகள் இருக்கும். துருவைச் சுரண்டி, மண்ணெண்ணெய் பூசிச் சற்று விட்டு, நன்றாகத் துடைத்து, வெண்கட்டித் தூளைத் தேயுங்கள். வெடிப்பு இருந்தால் உள்ளே போன எண்ணெய் ஊறி, தூளில் ஈரக்கோடாகத் தெரியும். அந்த இடத்தை வெட்டி எறிய வேண்டியதுதான். நடுத்துளையைச் சுற்றிக் கட்டாயம் பாருங்கள்.

எதிலிருந்து கழன்றதென்று தெரியாத இரும்பா? கிரைண்டரில் பிடித்தால் பச்சையிரும்பின் பொறி நீளமாக, அதிகம் கிளைக்காமல் போகும். காபன் கூடிய உருக்கின் பொறி கிட்டவே பூப்போல வெடித்துச் சிதறும். இதைவிட நம்பகமானது, ஒரு சிறு துண்டைக் காந்தம் ஒட்டாத அளவுக்குச் சிவக்கச் சுட்டு எண்ணெயில் தோய்ப்பது. அதன் மேல் அரம் வழுக்கினால் இரும்பு ஏறியிருக்கிறது. பிறகு துணியில் சுற்றிக் குறட்டில் வைத்து உடையுங்கள். உடைந்த முகம் நுண்ணிய சாம்பல் நிறமாக இருந்தால் நல்லது. சீனி மணிபோல மினுங்கினால் சூடு கூடிப்போய்விட்டது. வில்லுத்தகட்டை நீரில் தோய்த்தால் வெடிக்கக்கூடும், எண்ணெய்தான் பாதுகாப்பு.

பழைய அரத்தில் காபன் 1 சதவீதமளவில் இருக்கும். சத்தகத்துக்கும் உளிக்கும் அது போதும். கோடரிக்கு வேண்டாம், அடிபட்டால் உடைந்து தெறிக்கும். சத்தகம் அடிப்பதென்றாலும் முதலில் பற்களை உரைத்து எடுத்துவிடுங்கள், வெடிப்பு அங்கிருந்துதான் தொடங்கும். தண்டவாளமும் நல்ல உருக்கு. போர்க்காலத்தில் பதுங்குகுழிகளுக்கு மேல் எத்தனையோ தண்டவாளங்கள் கிடந்தன (எங்கள் வீட்டுக்குப் பனங்குற்றிதான்). ஆனால் அது புகையிரதத் திணைக்களத்தின் சொத்து. விற்க வருபவரிடம் வாங்கி வழக்கில் மாட்டிக்கொள்ள வேண்டாம்.

அடுத்தது உயிர் சம்பந்தப்பட்டது. நாகம் பூசிய குழாயையும் தகட்டையும் உலையில் வைத்தால் வரும் வெண்புகை காய்ச்சலும் நெஞ்சு நோவும் தரும். மூடிய குழாய்கள், வாகன அதிர்வுதாங்கிகள் சூட்டில் வெடிக்கும்.

எங்கள் மண்ணில் இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. பழைய இரும்பு பொறுக்கப்போய் வெடிபொருளில் கைபட்டுச் செத்தவர்களும் கை, கண் இழந்தவர்களும் போர் முடிந்த பின்னும் இருக்கிறார்கள். கிலோவுக்குக் கிடைக்கும் காசுக்காகப் போனவர்கள் அவர்கள். ஷெல் கோதோ, மண்ணில் புதைந்த உருளையோ, எதுவென்று தெரியாத துருப்பிடித்த உருண்டையோ வெறுமையாகத் தெரிந்தாலும் தொடாதீர்கள், தட்டிப் பார்க்காதீர்கள். இடத்தை அடையாளம் வைத்து, வந்த வழியே திரும்பி, கிராம அலுவலருக்கோ 119க்கோ சொல்லுங்கள். ஐயாவின் கம்மாலையில் ஒரு சட்டம்: எந்த வாகனத்தில், எந்த இயந்திரத்தில் கழற்றியதென்று சொல்ல முடியாத கனத்த துண்டு வாசலுக்கு உள்ளே வராது. பொடியன்கள் கொண்டுவந்தால் விலை பேசவே மாட்டார், எங்கே எடுத்தீர்கள் என்றுதான் கேட்பார்.

என் கோடரியை அவர் எறியவில்லை. மடிந்த வாயை வெட்டி, விளிம்பைப் பிளந்து, வில்லுத்தகட்டுத் துண்டொன்றைச் செருகி, வெண்காரம் தூவிச் சிரட்டைக்கரி உலையில் ஒட்ட அடித்தார். எண்ணெயில் தோய்த்து எடுத்து, வாயை மினுக்கி, பின்பக்கத்திலிருந்து மெல்லச் சூடு காட்டினார். வைக்கோல் நிறம் ஓடி, மண்ணிறமாகி, ஊதா தொடங்கும் நேரம் சட்டென்று தண்ணீரில் வைத்தார். உடல் பச்சையிரும்பு, அடியைத் தாங்கும். வாய் மட்டும் உருக்கு. அதே பாலைக் குற்றியில்தான் இப்போது கொத்துகிறேன். ஒரு மாதமாகத் தீட்டவில்லை.