விரல் காட்டிய காரோட்டிகள்

1970ஐ ஒட்டிய வருடங்களில் மேற்கு ஜெர்மனியின் சாலைகளில் ஒரு வழக்கம் இருந்ததாகச் சொல்வார்கள். ஒரே ரகக் கார் வைத்திருந்த இருவர் எதிரெதிரே வந்தால் கையசைக்க மாட்டார்களாம். விரல்களைத் தூக்கிக் காட்டுவார்களாம். ஒருவர் இரண்டு, மற்றவர் மூன்று. இதுவரை எத்தனை எஞ்சின் மாற்றியாயிற்று என்ற கணக்கு அது. அந்தக் காரின் பெயர் என்.எஸ்.யு. ரோ 80. கேட்கும்போது சிரிப்பு வருகிறது. ஆனால் அந்த விரல்களுக்குப் பின்னால் ஒரு பழம்பெரும் கம்பெனி கைமாறிப் போன கதை இருக்கிறது.

என்.எஸ்.யு. என்பது நெக்கார்சுல்ம் என்ற ஊர்ப்பெயரின் சுருக்கம். 1873இல் பின்னல் இயந்திரங்கள் செய்ய ஆரம்பித்தவர்கள், பிறகு சைக்கிள், அதன்பின் மோட்டார் சைக்கிள் என்று வளர்ந்தார்கள். 1950களின் நடுவில் உலகிலேயே அதிகமாக மோட்டார் சைக்கிள் செய்தவர்கள் அவர்கள்தான். ஜனங்கள் கையில் பணம் புரள ஆரம்பித்ததும் எல்லோரும் காருக்கு மாறினார்கள். கம்பெனியும் மாற வேண்டியதாயிற்று. அந்தச் சமயத்தில் அங்கே வேலை செய்துகொண்டிருந்தவர் பெலிக்ஸ் வான்கெல். பொறியியல் பட்டம் எதுவும் பெறாதவர். இளமையிலேயே நாஜிக் கட்சியில் சேர்ந்தவர் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. மேலும் கீழும் அடிக்கும் பிஸ்டனே இல்லாமல், சுழன்றுகொண்டே வேலை செய்யும் ஓர் எஞ்சினை அவர் மனத்தில் வைத்திருந்தார். 1957 பிப்ரவரியில் அது முதன்முதலாக ஓடியது.

அதன் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மேற்கொண்டு புரியாது. நிலக்கடலைத் தோலைப்போல நடுவில் லேசாக இடை ஒடுங்கிய ஓர் அறை. அதற்குள் பக்கங்கள் புடைத்த ஒரு முக்கோணம் சுழல்கிறது. அதற்கு ரோட்டர் என்று பெயர். முக்கோணத்தின் மூன்று முனைகளும் எப்போதும் சுவரைத் தொட்டபடியே போகும். முனைகளுக்கு இடையில் உண்டாகும் மூன்று அறைகளில் பெட்ரோல் கலவையை உறிஞ்சுவது, அழுத்துவது, எரிப்பது, புகையை வெளியேற்றுவது எல்லாம் மாறி மாறி நடக்கும். வால்வு கிடையாது, அதிர்வு மிகக் குறைவு, பாகங்களும் கொஞ்சம்தான்.

சிக்கல் எல்லாம் அந்த முனைகளில்தான். சாதாரண பிஸ்டனைச் சுற்றி வட்டமாக ரிங்குகள் இருக்கும். நம் அம்பாசடர் காரில் ரிங் தேய்ந்தால் பின்னால் நீலப் புகை கிளம்பும். தெருவில் போகிறவர்கூட ‘ரிங் போய்விட்டது, சார்’ என்று சொல்லிவிடுவார். வான்கெல் எஞ்சினில் முனைக்கு முனை ஒரு மெல்லிய பட்டைதான் காற்று கசியாமல் தடுக்கிறது. சுவரை ஒரு கோடுபோலத் தொட்டு உரசிக்கொண்டே ஓட வேண்டும். ஓடும்போது சாய்வுக் கோணமும் மாறிக்கொண்டே இருக்கும். வெடிப்பு எப்போதும் அறையின் ஒரே பக்கத்தில் நடப்பதால் ஒரு பக்கம் கொதிக்கும், மறுபக்கம் குளிர்ந்திருக்கும். இத்தனைக்கும் இப்படி இடுக்குகளை அடைக்கும் கலையில்தான் வான்கெல் பல வருடம் ஊறியிருந்தார்.

1967இல் பிராங்க்பர்ட் கண்காட்சியில் ரோ 80 வந்தபோது பார்த்தவர்கள் அசந்துபோனார்கள். கிளாஸ் லூதே வரைந்த உருவம். முன்பக்கம் தாழ்ந்து பின்பக்கம் உயர்ந்து, காற்றைக் கிழித்துக்கொண்டு போகும்படி இருந்தது. முன்சக்கர இயக்கம், நான்கு சக்கரங்களிலும் டிஸ்க் பிரேக். கிளட்ச் மிதி கிடையாது; கியர் தடியின் தலையைக் கை தொட்டாலே கிளட்ச் விலகும். இரண்டு ரோட்டர் கொண்ட எஞ்சின், 115 குதிரைசக்தி, வேகம் மணிக்கு 180 கிலோமீட்டர். 1968க்கான ஐரோப்பாவின் சிறந்த கார் என்ற பரிசையும் வாங்கியது. ஜெர்மன் கார் ஒன்றுக்கு அந்தப் பரிசு கிடைத்தது அதுவே முதல் தடவை. இன்று அந்தக் காரின் படத்தை எடுத்துப் பார்த்தால் 1980களில் வந்த வண்டி என்றே நினைப்போம்.

பிறகு வண்டிகள் திரும்பி வர ஆரம்பித்தன. சிலவற்றில் 24,000 கிலோமீட்டரிலேயே கோளாறு தெரிந்தது. 50,000 கிலோமீட்டரைத் தொடுவதற்குள் முழு எஞ்சினையும் பிரித்துக் கட்ட வேண்டியவை பல. காரணம் சின்னதுதான். அந்த முனைப் பட்டை மூன்று துண்டுகளால் ஆனது, மூன்றும் ஒரே உலோகம். காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது கிளப்பினால் நடுத்துண்டு மற்றவற்றைவிட வேகமாகத் தேய்ந்தது. நடுத்துண்டு தேய்ந்ததும் ஓரத்துண்டுகள் ஆடின, அழுத்தம் கசிந்தது. பக்கத்துக் கடைக்குப் போய்வந்து நிறுத்தி, மறுபடி கிளப்பி, மறுபடி நிறுத்தும் டாக்டர், வக்கீல் வண்டிகளுக்கு அது எமன். இன்னொரு பக்கம், எஞ்சின் அதிராமல் முனகாமல் ஓடியதால் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்பதே ஓட்டுபவருக்குத் தெரியவில்லை. வரம்பு மீறினால் ஒலி எழுப்பும் எச்சரிக்கைக் கருவி ஒன்றைப் பின்னால் சேர்த்தார்கள்.

இந்த நோயின் மோசமான குணம், அது வெளியே தெரியாததுதான். சூடான எஞ்சினை நிறுத்திவிட்டு மறுபடி கிளப்பும்போது தயங்கும். இழுவை கொஞ்சம் குறையும். அவ்வளவே. அழுத்தம் பார்க்கும் சாதாரண மீட்டரைச் செருகினாலும் உண்மை வராது. ஒரே பிளக் துளையின் முன்னால் ரோட்டரின் மூன்று முகங்களும் வரிசையாகக் கடந்து போகின்றன. மீட்டர் முள்ளோ மூன்றில் பெரியதைத்தான் பிடித்து நிற்கும். ஒரு முகம் செத்திருந்தாலும் மற்றது அதை மறைத்துவிடும். மூன்றையும் தனித்தனியாகக் காட்டும் கருவி வேண்டும். அந்தக் காலத்து ஒர்க் ஷாப்புகள் பலவற்றுக்கு இந்த எஞ்சினே புதிது. பிளக்கிலோ கார்புரேட்டரிலோ கோளாறு என்றாலும் மெக்கானிக் எஞ்சினையே குறை சொல்லி மாற்றிக் கொடுத்தார்.

கம்பெனியோ தாராளமாக வாரண்டி கொடுத்திருந்தது. கேட்டவர்களுக்குப் புது எஞ்சின் வைத்துக் கொடுத்தது. என் கருத்தில் இது யோக்கியமான காரியம். வேறு கம்பெனியாக இருந்தால் ‘நீங்கள் ஓட்டிய விதம் சரியில்லை’ என்று கடிதம் எழுதிக் கோப்பை மூடியிருப்பார்கள். ஆனால் அந்த யோக்கியதையைத் தாங்கும் பணபலம் அவர்களிடம் இல்லை. 1969இல் என்.எஸ்.யு. போக்ஸ்வாகன் கைக்குப் போய், ஆட்டோ யூனியனோடு இணைக்கப்பட்டது. சோகம் என்னவென்றால், நடுத்துண்டை வேறு கடினப் பொருளில் செய்து 1970 வாக்கில் குறையைப் பெரும்பாலும் தீர்த்துவிட்டார்கள். அதற்குள் விரல் காட்டும் கதை ஊரெல்லாம் பரவிவிட்டது.

இதே எஞ்சினை உரிமம் வாங்கிச் செய்த ஜப்பானின் மாஸ்டாவுக்கும் இதே தலைவலி வந்தது. அறைச் சுவரில் அலை அலையாகக் கீறல்கள் விழுந்தன. அதைப் பேயின் நகக்கீறல் என்றார்கள். கெனிச்சி யமமோட்டோ தலைமையில் ஒரு பொறியாளர் குழு அதற்கென்றே உட்கார்ந்து, அலுமினியம் ஊட்டிய கார்பன் பட்டையைக் கண்டுபிடித்தது. ரோ 80க்குச் சில மாதங்கள் முன்பே, 1967 மே மாதத்தில் அவர்களுடைய காஸ்மோ ஸ்போர்ட் கடைக்கு வந்துவிட்டது. யமமோட்டோ பின்னாளில் மாஸ்டாவின் தலைவரே ஆனார்.

நான் பிரெஞ்சில் படித்தவன். ஆகையால் இந்த விவகாரம் எனக்கு முதலில் சித்ரோயன் வழியாகத்தான் அறிமுகம். அவர்கள் செய்த ஏற்பாடு வேறு மாதிரி. எம்35 என்ற சின்னக் காரைச் சந்தையில் பொதுவாக விற்காமல், நிறைய ஓட்டும் தங்களுடைய பழைய வாடிக்கையாளர்களுக்கு மட்டும் கொடுத்தார்கள். இது மாதிரி வண்டி, இத்தனையாவது நம்பர் என்று முன்பக்க மட்கார்டிலேயே எழுதியிருந்தது. சோதனையில் நீங்களும் பங்காளி என்று சொல்லிக் கொடுத்ததால் ஏமாற்றம் இல்லை. 1969 முதல் 1971 வரை 267 வண்டிகள். பிறகு 1973இல் ஜி.எஸ். பிரோட்டோர் வந்தது, பிரோட்டோர் என்றால் இரு ரோட்டர். அந்த அக்டோபரிலேயே எண்ணெய் நெருக்கடி. பெட்ரோலைக் குடிக்கும் எஞ்சின், விலையோ பெரிய டி.எஸ். காரை நெருங்கியது. 847 வண்டிகளோடு கடை கட்டினார்கள். உதிரிபாகத் தொல்லை வேண்டாமென்று, விற்றதைத் திரும்ப வாங்கி உடைத்தும் போட்டார்கள். கொடுக்க மாட்டேன் என்று வைத்துக்கொண்ட சிலரால்தான் இன்று பார்க்கவாவது சில மிஞ்சியிருக்கின்றன.

ரோ 80 மட்டும் பிடிவாதமாக 1977 வரை வந்துகொண்டிருந்தது. மொத்தம் 37,398 வண்டிகள். இங்கிலாந்தில் பலர் பழுதான வான்கெல் எஞ்சினைத் தூக்கிவிட்டு, அந்தக் குறுகிய இடத்தில் அடங்கும் போர்டு வி4 எஞ்சினை வைத்து ஓட்டினார்கள். அது சுமாரான, தடதடக்கும் எஞ்சின். ஆனால் கோளாறு வந்தால் சத்தம் போட்டுச் சொல்லும். எந்த மெக்கானிக்குக்கும் அதன் பாஷை தெரியும்.